பெட்ரோல் மஸ்டாங்கா, மின்சார மஸ்டாங்கா: பறக்காத நாட்களின் கணக்கு

மூன்று வருடமாக என் வீட்டுக் கராஜில் ஒரே அளவில் இரண்டு மஸ்டாங் மாதிரி விமானங்கள், ரிமோட்டில் பறப்பவை, இருந்தன. ஒன்று என்னுடையது, பெட்ரோல் எஞ்சின். இன்னொன்று பக்கத்துத் தெரு அண்ணாவுடையது, மின்சார மோட்டார். அவர் வீட்டில் வைக்க இடமில்லை, அதனால் என்னிடம் இருந்தது. இரண்டும் நிஜ விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இறக்கை நுனிக்கு நுனி 2.26 மீட்டர். விடியுமுன் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், இரண்டையும் ஏற்றிக்கொண்டு ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து கிளம்புவோம். போன மாதம் அண்ணா தன்னுடையதை விற்றுவிட்டார். எது நல்லது என்று கேட்கிறவர்கள் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். நான் பெட்ரோல் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் மஸ்டாங் என்று கேட்டால், தென்னாப்பிரிக்க விமானப்படையின் 2-ஆம் ஸ்குவாட்ரன், ‘பறக்கும் சிறுத்தைகள்’, 1950-இல் கொரியப் போருக்குப் போய் ஓட்டியது இந்தப் போர் விமானத்தைத்தான். 1953-இல்தான் சேபர் ஜெட்டுக்கு மாறினார்கள். நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் நம் தாத்தாக்கள் யாரும் அந்தப் படையில் விமானியாகச் சேர்ந்திருக்க முடியாது. அதே விமானத்தை லெனேசியாத் தமிழர் இரண்டு பேர் பறக்கவிடுவதில் எனக்கு ஒரு குறும்பு சந்தோஷம்.

மெத்தனால் ஊற்றி ஓட்டும் குளோ எஞ்சினை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. சின்ன விமானத்துக்குச் சரி. இந்த அளவுக்கு எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது, ஒவ்வொரு தடவையும் விமானம் எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு வரும்.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சத்தம் பெட்ரோலில்தான். ஆனால் அது நிஜ மஸ்டாங்கின் மெர்லின் எஞ்சின் சத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டூ-ஸ்ட்ரோக், செயின் சா சத்தம்தான், கொஞ்சம் கனமாக. அழகு மின்சாரத்தில்தான். மஸ்டாங்கின் மூக்கு ஒல்லி; 55 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் தலை அதற்குள் அடங்காது, கவசத்தில் ஓட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். உருண்டை மூக்குள்ள இன்னொரு போர் விமானமான தண்டர்போல்ட் வாங்கியிருந்தால் அந்தக் கவலை இல்லை. நடுவானில் எஞ்சின் நின்றுபோகும் பயமும் மின்சாரத்தில் மிகக் குறைவு.

உயரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜோஹானஸ்பர்க் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுத்து வாழ்வது, அதனால் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு போகும். மோட்டாருக்கு அந்த நஷ்டம் இல்லை. ப்ரொப்பெல்லரை ஒரு அளவு பெரிதாக்கினால் போதும். அண்ணாவின் விமானம் புல்தரையிலிருந்து எழும்பும் தூரம் என்னுடையதைவிட எப்போதும் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அதுபோக, எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியை இங்கே சரிபார்த்து, அப்படியே டர்பனுக்குக் கொண்டுபோனால், அங்கே காற்று அடர்த்தியாக இருப்பதால் எரிபொருள் போதாமல் எஞ்சின் சூடேறும். ஊசியைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். டர்பனில் நான் பறக்கவிட்டது ஒரே ஒரு வாரக் கடைசிதான், அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

இவ்வளவும் மின்சாரத்துக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் பெட்ரோல்? பறக்கிற நாளை மட்டும் பார்த்தால் அண்ணா ஜெயித்தார். நான் பார்ப்பது பறக்காத நாட்களை.

அவருடைய விமானத்துக்கு ஒரு பறப்புக்கு ஆறு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் 5,000 மில்லியாம்ப் மணி. ஒரு ஜோடியில் 222 வாட் மணி. அது ஆறு நிமிடம் தாங்கும். ஒரு காலைக்கு மூன்று தடவையாவது ஏற வேண்டும் என்றால் மூன்று ஜோடி. வெள்ளிக்கிழமை இரவு எல்லாவற்றையும் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றி வைப்பார். சனிக்கிழமை விடிந்தால் காற்று. ஆகஸ்டில் இங்கே அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். கோடையில் காலை நன்றாக இருந்தாலும் மதியத்துக்குள் இடி மேகம் கூடிவிடும். சரி, போகவில்லை. முழுதாக ஏற்றிய லிப்போவை அப்படியே வைத்திருந்தால் உள்ளே கெட்டு, உப்பிவிடும். 3.8 வோல்ட்டுக்கு இறக்கித்தான் வைக்க வேண்டும். அவருடைய சார்ஜர் 25 வாட் வேகத்தில்தான் இறக்கும். ஒரு ஜோடிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். மூன்று ஜோடிக்குச் சனிக்கிழமை முழுக்கப் போய்விடும். லிப்போவை ஆளில்லாத அறையில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. மனுஷன் பேட்டரிக்குக் காவல் உட்கார்ந்திருப்பார்.

இதன் மேல் லோட் ஷெடிங், முறைவைத்து வரும் மின்வெட்டு. 2023-இல் அதன் கடுமையான கட்டமான நிலை 6 வந்தபோது ஒரு நாளில் பல தடவை மின்சாரம் போகும். சார்ஜ் பாதியில் நிற்கும். “கரன்ட் வரட்டும் தம்பி, அப்புறம் பாக்கலாம்” என்பதுதான் அந்த வருடம் அவர் அதிகம் சொன்ன வாக்கியம். கார் பேட்டரியிலிருந்து ஏற்றிப் பார்த்தார். இரண்டு ஜோடிக்கு மேல் துணிவு வரவில்லை, வீட்டுக்குத் திரும்ப வண்டி கிளம்ப வேண்டுமே. கடைசியில் ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கினார். பெட்ரோல் நாற்றம் வேண்டாம் என்று மின்சாரத்துக்குப் போனவர், ஜெனரேட்டருக்கு என்னோடு பங்க்கில் வரிசையில் நின்றார். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் வெகுவாகக் குறைந்துவிட்டது, உண்மைதான். காற்றும் இடியும் குறையவில்லையே.

என் பக்கம் என்ன வேலை? ஐந்து லிட்டர் பெட்ரோலில் 125 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய், நாற்பதுக்கு ஒன்று. அது கேனில் கிடக்கும். சனிக்கிழமை காற்றடித்தால் மறுபடி தூங்கப் போவேன். அடுத்த வாரம் அதே கேன்.

பெட்ரோல் ஒன்றும் கேட்காது என்று சொல்லவில்லை. பறந்துவிட்டு வந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சினை மறுபடி கிளப்பித் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் மிச்சப் பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசின் பிடிக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய டயாஃப்ராம் நாளாக ஆக விறைத்துப்போகும்; நான் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன், அரை மணி நேர வேலை. அதிர்வில் சைலன்சர் போல்ட் கழலும், பறக்கும் நாளெல்லாம் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். இக்னிஷன் பெட்டியை, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

என் பெரிய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குளோ எஞ்சினுக்குப் பழகிய கை, டேங்குக்குள் சிலிகோன் குழாயைப் போட்டுவிட்டேன். பெட்ரோலில் சிலிகோன் ஊறி உப்பும். நான்காவது பறப்பில் குழாய் கழன்று, திரும்பும்போது எஞ்சின் நின்றது. மஸ்டாங் மிதந்து இறங்குகிற ஜாதி இல்லை, சக்கரத்தை வேறு இறக்கிவிட்டிருந்தேன். கல் மாதிரி வந்தது. ஒரு சக்கரக் கால் பிய்ந்து, இறக்கைத் தோல் கிழிந்து, இரண்டு மாதம் ஒட்டுவேலை. பெட்ரோலுக்கென்று விற்கும் மஞ்சள் குழாய் சில ராண்டுதான். அண்ணா ஒன்றும் சொல்லாமல் பிய்ந்த சக்கரத்தைப் புல்லில் தேடி எடுத்துக்கொடுத்தார், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

விற்கும்போது இன்னொரு கணக்கு வந்தது. அண்ணாவின் விமானத்தையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டவர், மூன்று வருடப் பேட்டரிகளை இனாமாகக் கொடுத்தும் வேண்டாம் என்றார். பழைய லிப்போவை யார் நம்புவார்கள்? பழைய பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பிக் காட்டினால் விலை பேசலாம்.

அடுக்கு மாடியில் இருப்பவர், கராஜ் இல்லாதவர், மைதானத்துக்குப் பக்கத்தில் வீடுகள் இருப்பவர், பத்து வயதுப் பிள்ளையோடு கற்றுக்கொள்பவர் எல்லோரும் மின்சாரமே வாங்குங்கள், சின்னதாக, ஒரே ஒரு பேட்டரியில் ஓடுவதாக. நான் சொல்வது மாதத்தில் இரண்டு காலை மட்டுமே கிடைக்கிற, அந்த இரண்டில் ஒன்றைக் காற்று கொண்டுபோகிற ஆளுக்கு.

அண்ணா இப்போது 60 சி.சி. தண்டர்போல்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஜெனரேட்டரை விற்கவில்லை. டேங்குக்கு என்ன குழாய் என்று நேற்று என்னிடம் கேட்டார், சிரிக்காமல்.