கர்ப்பகால ஆப்: கணக்கு சரி, தமிழ்தான் சரியில்லை

தங்கை கர்ப்பமாக இருக்கிறாள் என்று தமிழில் வரும் ஒரு கர்ப்பகால ஆப்பை அவள் போனில் போட்டுக்கொடுத்தேன். வாரக் கணக்கு, மாத்திரை நேரம், ஸ்கேன் தேதி எல்லாம் சுலபமாக இருக்கிறது, விளம்பரத் தொல்லையும் இல்லை. பிரச்சினை எல்லாம் அதன் தமிழில்தான், அதுவும் முக்கியமான சொல்லிலேயே.

6ஆம் வாரப் பக்கத்தில் ‘உங்கள் சிசு’ என்கிறது, 9இல் ‘முளையம்’, 20ஆம் வாரத்துக்குப் போனால் ‘கரு’. முதல் பிள்ளைக்காரி இதைப் படித்தால் வளர்ச்சி பின்னால் போகிறதோ என்று பயப்படத்தான் செய்வாள், தங்கை பயந்தாள். கருத்தரித்து 8 வாரம் முடியும் வரை முளைக்கரு, முளையம் என்பதும் அதுதான். அப்புறம் பிறக்கும் வரை முதிர்கரு. கரு என்பது இரண்டுக்கும் பொது. பேச்சில் வயிற்றுப் பிள்ளையைச் சிசு என்பது வழக்கம்தான், ஆனால் மருத்துவத் தகவலில் சிசு என்றால் பிறந்த குழந்தை. சிசுக்கொலை வேறு, கருக்கொலை வேறு என்று பிரித்துத்தானே சொல்கிறோம்?

ஆப் வாரத்தை எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கருத்தரிப்பது அதற்குச் சுமார் 2 வாரம் கழித்து. ஆக அந்த 8 வாரம் ஆப் கணக்கில் 10. இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், எங்கேயும் இல்லை.

எழுத்துப்பிழைதான் எனக்கு ரொம்பக் கோபம். ‘கர்பம்’, ‘கருபை’, ‘கருசிதைவு’ என்று ஒற்றெல்லாம் காணோம். தேடல் பெட்டியில் ‘கருச்சிதைவு’ என்று சரியாக அடித்தால் எதுவும் வரவில்லை, ‘ச்’ எடுத்துவிட்டு அடித்தால் கட்டுரை வந்து நிற்கிறது. ரத்தக்கசிவைப் பார்த்துப் பதறிப்போய்த் தேடுகிறவள் என்ன செய்வாள்?

ஆங்கிலத்துக்கு மாற்றினால் முதிர்கருவைக் குறிக்கும் ஃபீட்டஸ் ஓரிடத்தில் ‘ஓ’ எழுத்து சேர்த்தும் (foetus) ஓரிடத்தில் சேர்க்காமலும் (fetus) வருகிறது. இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். லத்தீன் மூலத்தில் ‘ஓ’ கிடையாது, பின்னால் வந்து ஒட்டியது. பிரிட்டனில் பொது வழக்கில் அது இன்னும் உண்டு.

5க்கு 3 கொடுக்கிறேன். வாரக் கணக்குக்காகத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பிழைகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். திருத்தும் வரை எதைத் தேடினாலும் ஒற்றோடு ஒருமுறை, ஒற்றில்லாமல் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.