மால்ட் சாறா, முழுத் தானியமா?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் பலர், முதல் போட்டிக்குப் புட்டிகளை அனுப்புமுன், கடையில் வாங்கும் மால்ட் சாற்றிலேயே (முளைகட்டிய பார்லியிலிருந்து ஆலை எடுத்துத் தரும் இனிப்புப் பாகு அல்லது தூள்) தொடர்வதா, முளைகட்டி உலர்த்திய பார்லியைத் தாமே அரைத்து ஊறவைப்பதா என்று தயங்குகின்றனர்.

நேரம்: சாறு சில மணி நேரத்தில் முடியும், தானியம் ஏறத்தாழ ஒரு பகலை விழுங்கும்.

செலவு: சாறு ஒவ்வொரு முறையும் கூடுதல் விலை, தானியம் மலிவு, ஆயினும் பெரிய பாத்திரங்கள் தேவை.

கட்டுப்பாடு: தானியத்தை 65 டிகிரி செல்சியஸை ஒட்டி ஊறவைத்தால் சர்க்கரை பெருமளவு நொதித்து இனிப்பு குறைந்த மெல்லிய பீரும், 69 டிகிரியை ஒட்டி வைத்தால் திரட்சியான பீரும் கிடைக்கும், சாற்றில் அந்த முடிவை ஆலையே எடுத்துவிடுகிறது.

சாற்று பீர் சற்றே கருத்துப்போவது உண்மைதான். ஆனால் பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் 50 மதிப்பெண் தாளில் தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20 என்பதால், நிறத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் மிகையானது என்றே கருதுகிறேன்.

கரிய ஸ்டவுட் வகை பீருக்குச் சாறு போதும். வெளிறிய பில்ஸ்னர் வகைக்குத் தானியமே ஏற்றது. கையில் பணம் குறைவெனில், இரண்டுக்கும் முன்பாக நொதிக்கும் வெப்பநிலையைச் சீராக வைக்க ஒரு பழைய குளிர்பதனப் பெட்டியை வாங்கலாம்.