நவிகோ வாரச் சீட்டு: குளிர்காலப் பாரிஸ் பயணத்துக்கு ஒரு மதிப்பீடு

கல்லூரி மாணவர்களோடு டிசம்பரிலோ ஜனவரியிலோ சில நாட்கள் பாரிஸ் போய்வர நினைப்பவர்கள் விமானச் சீட்டையும் தங்கும் விடுதியையும் பற்றியே பெரும்பாலும் யோசிக்கிறார்கள். ஊருக்குள் சுற்றுவதற்கான செலவை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். என் அண்ணன் மகளையும் அவளுடைய வகுப்புத் தோழர்களையும் அழைத்துச் சென்றபோது நான் அந்த வரிசையை மாற்றினேன். பாரிஸ் பொதுப் போக்குவரத்துக்கான நவிகோ வாரச் சீட்டு எந்தக் கிழமைகளில் செல்லும் என்பதை முதலில் பார்த்து, அதற்கேற்ப விமானத்தைத் தேர்ந்தெடுத்தேன். கையில் அளவான பணமும் கால்களில் நிறைய தெம்பும் உள்ள இளைஞர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு பொருளை அந்த நகரத்தில் நான் காணவில்லை.

மெட்ரோ, ஆர்ஈஆர் என்னும் விரைவு ரயில், புறநகர் ரயில், டிராம், பேருந்து, இரவுப் பேருந்து ஆகிய அனைத்திலும், பாரிஸைச் சூழ்ந்த இல்-து-பிரான்ஸ் பகுதி முழுவதிலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க இந்த ஒரே சீட்டு போதும். 2025ஆம் ஆண்டில் இதன் விலை 31.60 யூரோவாக இருந்தது. ஜனவரிதோறும் கட்டணங்கள் திருத்தப்படுகின்றன என்பதால், புத்தாண்டை ஒட்டிப் போகிறவர்கள் சற்றுக் கூட்டியே கணக்கிட வேண்டும். சீட்டை ஏற்றிக்கொள்ளும் நவிகோ தெகூவெர்ட் அட்டைக்குத் தனியாக 5 யூரோ ஆகும். ஆக, 2025 கட்டணப்படி ஆளுக்கு 36.60 யூரோ. அதே ஆண்டுக் கட்டணப்படி சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வர ஒருவருக்கு 13 யூரோ. திரும்பிப் போக இன்னொரு 13. இந்த இரண்டும் வாரச் சீட்டுக்குள் அடக்கம். சாதாரண ஒற்றை மெட்ரோப் பயணம் அந்த ஆண்டில் 2.50 யூரோவாக இருந்ததால், விமான நிலையப் பயணங்களைத் தவிர ஊருக்குள் ஐந்தாவது முறை வண்டி ஏறும்போதே போட்ட பணம் திரும்பிவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விற்கப்படும் பாரிஸ் விசித் ஐந்து நாள் சீட்டின் விலை இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். அதோடு தரப்படும் நுழைவுச் சலுகைகள் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இதன் பெரிய குறை, வாரம் என்பது இங்கே வாங்கிய நாளிலிருந்து ஏழு நாட்களாகாமல் திங்கள் முதல் ஞாயிறு வரை என்று இறுகிக் கிடப்பதுதான். நடப்பு வாரத்துக்கான சீட்டை வியாழக்கிழமை வரைதான் விற்பார்கள். வெள்ளிக்கிழமை முதல் அடுத்த வாரத்துக்கானதே கிடைக்கும். வெளியூரிலிருந்து வருபவருக்கு இது நியாயமான ஏற்பாடல்ல. ஏழு நாள் சீட்டாகவே அதை மாற்றியிருக்கலாம். ஆனால் தேதியை நாமே முடிவு செய்யும் நிலையில் இருந்தால், திங்கள் அல்லது செவ்வாய் இறங்கி ஞாயிறுக்குள் கிளம்புவதுபோல் அமைத்துக்கொள்ளலாம். வியாழன் காலை வந்து ஞாயிறு மாலை கிளம்புவோருக்கும்கூட மேலே சொன்ன கணக்கின்படி இது நட்டமில்லை. வெள்ளி இரவு வந்து சேர்பவர்கள் மட்டும் இதை மறந்துவிட்டு, 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்காகச் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் தரப்படும் ஒருநாள் இளைஞர் சீட்டைப் பார்ப்பது நல்லது.

அட்டையில் ஒட்ட 25 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் உயரமும் உள்ள புகைப்படம் வேண்டும். விசா விண்ணப்பத்துக்காக எடுத்த 35க்கு 45 படங்கள் மீதி இருக்கின்றனவே, வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். விசாப் படத்தில் முகம் ஏறக்குறைய முழுச் சட்டத்தையும் நிறைத்திருப்பதால், 30 மில்லிமீட்டருக்கு வெட்டினால் நெற்றியோ மோவாயோ போய்விடும். ஸ்டூடியோவில் விசாப் படம் எடுக்கும் அன்றே, அதே படத்தைச் சிறிய அளவிலும் அச்சிட்டு வாங்கிவிட வேண்டும். படம் ஒட்டாத, பெயர் எழுதாத அட்டையைப் பரிசோதகர் ஏற்கமாட்டார். அபராதம் விதிக்க அவருக்கு உரிமை உண்டு. ஒருவர் அட்டையை இன்னொருவர் பயன்படுத்தவும் கூடாது. கைப்பேசியிலேயே சீட்டை ஏற்றும் வசதி இப்போது இருக்கிறது என்றாலும், நாள் முழுவதும் படம் எடுத்து மாலையில் மின்னூட்டம் தீர்ந்து நிற்கும் பிள்ளைகளுக்கு அட்டையே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

குளிர்காலத்தில் இந்தச் சீட்டின் மதிப்பு கூடுகிறது. டிசம்பர் இறுதியில் பாரிஸில் சூரியன் உதிக்கக் காலை எட்டே முக்கால் ஆகிவிடுகிறது. மாலை ஐந்து மணியளவிலேயே அடைந்துவிடுகிறது. எட்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான அந்த வெளிச்சத்தில், கோடையில் செய்வதுபோல் நதிக்கரையோரம் நடந்தே ஊரை அளப்பது நடவாது. ஈரக் காற்று அடிக்கும்போது இரண்டு நிறுத்தத் தொலைவுக்குக்கூட வண்டி ஏறுகிறோம். ஒவ்வொரு முறையும் இரண்டரை யூரோவா என்று தயங்கும் நிலை இருந்தால் யாராவது ஒருவர் நடந்தே வருகிறேன் என்பார், மற்றவர்களுக்குச் சங்கடமாகும். எல்லோர் கையிலும் ஒரே அட்டை இருந்தபோது அந்தப் பேச்சே எழவில்லை. மோன்மார்த்ர் குன்றுக்கு ஏற்றிச் செல்லும் இழுவை ரயிலும் இதில் அடக்கம் என்பதால், மழையில் வழுக்கும் படிகளை விட்டுவிட்டு மேலே போய்விடலாம்.

இளைஞர்கள் மிகவும் ரசித்தது ஆறாம் எண் மெட்ரோ. பிர்-ஹக்கீம் நிலையத்துக்கும் பாஸி நிலையத்துக்கும் இடையில் வண்டி தரைக்கு மேலே, செய்ன் நதியின் குறுக்கே ஓடுகிறது. பாஸியை நோக்கிப் போகையில் வலப்புறச் சன்னல் முழுவதும் ஈஃபில் கோபுரம். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் கோபுரம் ஐந்து நிமிடம் மினுங்கும். கோடையில் அதற்காக இரவு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். டிசம்பரில் மாலை ஆறு மணிக்கே அந்தக் காட்சி கிடைத்துவிடும். எங்கள் குழுவினர் பாஸியில் இறங்கி, அடுத்த வண்டியில் திரும்பி, ஏழு மணிக்கு மறுபடியும் பாலத்தைக் கடந்தார்கள். சீட்டுக்குச் சீட்டு காசு கொடுப்பவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்.

வெளிச்சம் உள்ள நேரத்தை வெளியிடங்களுக்கும், இருட்டை அருங்காட்சியகங்களுக்கும் ஒதுக்குவதே குளிர்காலத்துக்கு ஏற்ற முறை. லூவ்ர் புதன், வெள்ளி இரவுகளில் ஒன்பது மணி வரையும், ஓர்சே வியாழன் இரவு ஒன்பதே முக்கால் வரையும் திறந்திருக்கின்றன. லூவ்ருக்குச் செவ்வாயும், ஓர்சேவுக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்களும் விடுமுறை. டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாட்களில் லூவ்ரும் வெர்சாயும் மூடியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருந்து படிக்கும் 26 வயதுக்கு உட்பட்ட மாணவர், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், இந்த மூன்று இடங்களிலும் இலவசமாக நுழையலாம். குடியிருப்பு அனுமதியைக் காட்டினால் போதும். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வரும் தம்பி தங்கைக்கு 18 வயது நிறைந்துவிட்டால் அந்தச் சலுகை இல்லை. ஒரே குழுவுக்குள் இந்த வேறுபாடு வரும் என்பதால் செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

நகருக்கு வெளியே வெர்சாய்க்கு எல்லோரும் போவார்கள். நான் புரோவான் ஊரையும் பரிந்துரைப்பேன். கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து பி (P) வழித்தடப் புறநகர் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வாரச் சீட்டே செல்லும். இடைக்காலத்தில் பெரிய வணிகச் சந்தைகள் கூடிய அந்த ஊரின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. 2001இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இல்-து-பிரான்ஸுக்கு வெளியே உள்ள ஸ்திராஸ்பூர் நகரின் கிறிஸ்துமஸ் சந்தைக்கு இந்தச் சீட்டு உதவாது; அங்கே போகும் அதிவேக ரயிலுக்குத் தனியாக, முடிந்தவரை முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

இரவு உணவுக்கு இரண்டாம் எண் மெட்ரோவில் லா ஷப்பேல் போய் இறங்கினால், ஃபோபூர் சேன்-தெனி தெருவில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குளிரில் நடந்து களைத்த பிள்ளைகளுக்குச் சூடான கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க அதைவிட ஏற்ற இடம் இல்லை.

சீட்டு ஞாயிறு நள்ளிரவோடு முடிந்துவிடுகிறது. திங்கள் விடியற்காலையில் விமானம் என்றால், ஞாயிறு இரவே ரயிலேறி விமான நிலையத்துக்கு அருகில் தங்குவதா, அல்லது ஆளுக்குத் தனிச் சீட்டு எடுத்துக் காலையில் போவதா என்பதை விடுதி பதிவு செய்யும்போதே முடிவு செய்துவிடுங்கள்.