பிளஸ்டூ முடிச்சாச்சு, என்ன ஆகப்போறோம்னு தெரியல: அரசு கலைக்கல்லூரி டிகிரி பத்தி என் ரிவ்யூ

"அடுத்து என்ன?"ன்னு கேட்டா பதில் தெரியாத பசங்களுக்காகவும் அவங்க அப்பா அம்மாவுக்காகவும் தான் இத எழுதுறேன். டாக்டர் ஆகணும், சிஏ பண்ணணும்னு முடிவோட இருக்குறவங்களுக்கு இது தேவப்படாது. நான் படிச்சது ஒரு அரசு கலை அறிவியல் கல்லூரில பிஏ பொருளாதாரம், ரெண்டாவது ஷிப்ட். காலேஜ் பேரு வேணாம், நான் சொல்லப்போற குறையெல்லாம் பல ஊர்லயும் இருக்கு.

மொதல்ல செலவு. அரசு கலைக்கல்லூரி அட்மிஷனுக்குன்னே இருக்குற டிஎன்ஜிஏஎஸ்ஏ வெப்சைட்ல அப்ளிகேஷன் போட 48 ரூபா, பதிவுக்கு 2 ரூபா, எஸ்சி எஸ்டி பசங்களுக்கு அந்த 2 ரூபா மட்டும் தான். பிஏ தமிழ், பிஏ இங்கிலீஷ் தவிர மத்த டிகிரிக்கெல்லாம் தமிழ் இங்கிலீஷ் மார்க்க விட்டுட்டு மிச்ச நாலு பாடத்த 400க்கு போட்டு ரேங்க் லிஸ்ட் விடுவாங்க. உள்ள போயிட்டா வருஷ ஃபீஸ் ஒரு சுமாரான போன் விலைல பாதி கூட வராது. பஸ் பாஸ் இலவசம். அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து பிளஸ்டூ வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு 2022ல வந்த புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா, பசங்களுக்கு 2024ல இருந்து தமிழ்ப் புதல்வன்ல அதே 1000. எங்க வீட்டு மாதிரி வீட்ல அது சின்ன காசு இல்ல.

செலவ பத்தி இவ்ளோ சொல்றதுக்கு காரணம் இருக்கு. என்ன ஆகப்போறோம்னு தெரியாதவன் பெரிய கடன் வாங்கி படிக்கவே கூடாதுங்குறது என்னோட உறுதியான கருத்து. எஜுகேஷன் லோன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட்ல என்ஜினியரிங் சேந்தா, படிச்சு முடிச்சு ஒரு வருஷம் கழிச்சு இஎம்ஐ ஆரம்பிச்சிடும், படிக்குற காலத்துக்கு வட்டியும் ஏறிகிட்டே இருக்கும், அப்புறம் புடிச்ச வேலையா புடிக்காத வேலையான்னு யோசிக்கவே நேரம் இருக்காது, கெடச்சத புடிச்சிகிட்டு ஓட வேண்டியது தான். ஆனா அரசுப் பள்ளி பசங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கெடச்சா கணக்கே வேற, ஃபீஸ் ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுது, அத விட்றாதீங்க.

இப்ப அந்த டிகிரில என்ன கெடைக்குதுன்னு பாப்போம். வேல விளம்பரத்துல "எனி டிகிரி"ன்னு ரெண்டு வார்த்த இருக்கும் பாருங்க, அதுக்கான சாவி தான் இது. தமிழ்நாடு அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி நடத்துற குரூப் 2ல பெரும்பாலான போஸ்ட், மத்திய அரசு ஆபீஸ் வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல், பேங்க் ஆபீசர் வேலைக்கான பிஓ, போலீஸ் எஸ்ஐ, யூபிஎஸ்சி எல்லாத்துக்கும் ஏதோ ஒரு டிகிரி போதும். மூணு வருஷ எல்எல்பி, எம்பிஏ கூட அப்படி தான். எங்க செட்லயே ஒருத்தன் லா படிக்க போனான், ஒரு பொண்ணு எஸ்ஐ எக்ஸாம் எழுதிகிட்டு இருக்கு. நான் இப்ப இருக்குற ஃபைனான்ஸ் கம்பெனி வேலைக்கும் டிகிரி மட்டும் தான் கேட்டாங்க, பொருளாதாரமா தமிழான்னு ஒரு கேள்வி கூட இல்ல. அதே சமயம் எல்லாத்துக்கும் டிகிரி வேணும்னும் இல்ல, குரூப் 4க்கு பத்தாவது போதும், ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துற ஜோஹோ ஸ்கூல்ஸ்ல பிளஸ்டூ முடிச்சவங்கள எடுத்து ஸ்டைபண்ட் குடுத்து கத்து தராங்க.

குறைனா, நெறையவே இருக்கு. எங்க டிபார்ட்மெண்ட்ல பாதி பேரு கௌரவ விரிவுரையாளர்கள், பாவம் அவங்களுக்கே அடுத்த வருஷம் வேல இருக்குமான்னு தெரியாது, அவங்க போராட்டத்துக்கு போனா எங்களுக்கு கிளாஸ் இல்ல. ஒரு செமஸ்டர் முழுக்க புள்ளியியல் பேப்பருக்கு ஆளே வரல, காலேஜ் எதிர்ல இருக்குற ஜெராக்ஸ் கடைல நோட்ஸ் வாங்கி தான் எழுதுனோம், அதுல பாதி பேருக்கு அரியர். பிளேஸ்மென்ட்னு சொல்லிக்குற மாதிரி ஒண்ணும் கெடையாது. இங்கிலீஷ்ல நாலு வரி பேச யாரும் சொல்லித் தரல, அத நாமளே தான் பாத்துக்கணும்.

எனக்கு அதிகமா ஒதவுனது கிளாஸ் கூட இல்ல, ஷிப்ட் தான். மத்தியானம் தான் காலேஜ்ங்குறதால காலைல ஒரு இ-சேவை மையத்துல வேல பாத்தேன். ஒரு அம்மா விதவை பென்ஷனுக்கு வந்தாங்க, ஆதார்ல பேரு ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, ரெண்டு தடவ ரிஜக்ட் ஆயிருந்துச்சு, எந்த பேப்பர மாத்தணும்னு உக்காந்து பாத்து சரி பண்ணி குடுத்தப்போ தான் இந்த மாதிரி பேப்பர் வேல எனக்கு நல்லா வருதுன்னே புரிஞ்சுது. பதினேழு வயசுல இத யாரு கேட்டிருந்தாலும் எனக்கு சொல்லத் தெரிஞ்சிருக்காது.

என்ன பாடம் எடுக்குறதுன்னா, முடிஞ்சா பிஎஸ்சி கணிதம், பிசிஏ மாதிரி ஐடி பக்கமும் கதவு தெறக்குற பாடமா பாருங்க. விப்ரோல பிஎஸ்சி பிசிஏ ஆளுங்கள வேலைக்கு எடுத்து எம்டெக்கும் படிக்க வைக்கிற ப்ரோக்ராம் இருக்கு, அதுக்கு பிஏ செல்லாது. வாத்தியார் வேல மனசுல ஓரமா இருந்தா ஸ்கூல்ல இருக்குற பாடத்துலயே டிகிரி எடுங்க, பிஎட்க்கு அது வேணும். தொலைதூரக் கல்வில படிக்கலாம்னு நெனைக்குறவங்க பத்து, பிளஸ்டூ, டிகிரிங்குற வரிசைய மட்டும் மாத்திறாதீங்க, அந்த வரிசைல இல்லாத டிகிரிய டிஎன்பிஎஸ்சி ஏத்துக்காது.

5க்கு 3.5 குடுப்பேன், செலவுக்கு முழு மார்க், கொறச்சதெல்லாம் வாத்தியார் இல்லாத கிளாஸுக்கு தான். சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் நேர்ல போயி அந்த டிபார்ட்மெண்ட் ரெண்டாம் வருஷ பசங்ககிட்ட பேசுங்க. போன செமஸ்டர்ல எந்த பேப்பருக்கு ஆளு வரல, எத்தன பேருக்கு அரியர், செகண்ட் ஷிப்ட்ல படிச்சிகிட்டே யாரு எங்க வேலைக்கு போறாங்கன்னு கேளுங்க, வெப்சைட்ல போடாததெல்லாம் அவங்க சொல்லுவாங்க.