போர் மாதிரியா, ஒபிற்றல் மாதிரியா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை தனியார் வகுப்புகளில் உயர்தர இரசாயனவியலைத் தொடங்கும் மாணவர்களுக்கு முதலில் எழும் குழப்பம் இதுதான்: எந்த அணு மாதிரியைப் பிடித்துக்கொள்வது?

எளிமை
போர் (பௌதிகவியலாளர் நீல்ஸ் போர், 1913): கருவைச் சுற்றி இலத்திரனுக்கு நிலையான வட்டப் பாதைகள். பார்த்தவுடன் வரையலாம்.
ஒபிற்றல் (ஷ்ரோடிங்கர், 1926): பாதையே இல்லை, இலத்திரன் எங்கே இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவு மட்டுமே. பழக நாள் எடுக்கும்.

கணிப்பு
ஐதரசனுக்கு இரண்டும் ஒரே சக்தி மட்டங்களைத் தருகின்றன. இலத்திரன் 3 ஆம் மட்டத்திலிருந்து 2 ஆம் மட்டத்துக்கு இறங்கும்போது தோன்றும் 656 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு நிறமாலைக் கோட்டைப் போரின் சமன்பாட்டால் ஒரு தாளிலேயே கணித்துவிடலாம். அந்த அழகில் எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை. ஆனால் இரண்டே இலத்திரன் உள்ள ஈலியத்திலேயே அது தடுமாறுகிறது. நீர் மூலக்கூறு ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டால் போரிடம் விடை இல்லை, ஒபிற்றலிடம் இருக்கிறது.

ஆயுள்
போர்: சுமார் பத்தாண்டுகள்.
ஒபிற்றல்: இன்றுவரை.

சாதாரண தரத்துக்கும் ஐதரசன் நிறமாலைக் கணக்குக்கும் போர் போதும். பிணைப்பு, மூலக்கூற்று வடிவம் என்று போகிறவர்கள் தயங்காமல் ஒபிற்றலுக்கு மாறிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கலப்பாக்கப் பாடத்தில் (ஒபிற்றல்கள் கலந்து புதிய ஒபிற்றல்கள் உருவாவது) திணறுவீர்கள்.