சிஸ்கோ 2960 சுவிட்சுகளில் எஸ்எஸ்எச் சாவி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நான் பராமரிக்கும் கல்லூரி வளாகத்தில் உள்ள பதினான்கு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்சுகளை டெல்நெட்டிலிருந்து எஸ்எஸ்எச்சுக்கு மாற்றி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சுவிட்ச் என்பது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புக் கருவி. அதில் தொலைவிலிருந்து நுழைந்து கட்டளையிட உதவும் முறைகளே டெல்நெட்டும் எஸ்எஸ்எச்சும். எஸ்எஸ்எச் எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும்; டெல்நெட்டில் கடவுச்சொல்லும் மறைக்கப்படாமலேயே செல்கிறது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதத் தூண்டியதும் அங்கு நடந்த கடவுச்சொல் திருட்டுதான்.

தொடக்க வேலை சிறியது. சுவிட்சுக்குப் பெயரும் டொமைன் பெயரும் கொடுத்து, சுவிட்சுக்கான 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை (மறையாக்கத்துக்கான சாவி) உருவாக்கி, எஸ்எஸ்எச் பதிப்பு 2 மட்டும் போதும் என்று அமைத்தால் பாதி வேலை முடிந்தது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவியால் நுழைய, நுழைபவரின் சாவி இணையில் வெளியே கொடுக்கக்கூடிய பாதியான பொதுச் சாவியைச் சுவிட்சில் ஏற்ற வேண்டும். அதில்தான் முதலில் தடுமாறினேன். சிஸ்கோ சுவிட்சின் இயங்குதளமான ஐஓஎஸ் ஒரு வரியில் 254 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. 2048 பிட் சாவியோ அதைவிட நீளமானது. ஆகவே லினக்ஸில் 'ஃபோல்ட்' கட்டளையால் 72 எழுத்துகளாக மடித்து ஒட்டுகிறேன். பிறகு அமைவுக் கோப்பைப் பார்த்தால் சாவி இருக்காது. அதன் ஹேஷும் (சாவியிலிருந்து கணக்கிட்ட சுருக்க அடையாளம்) பின்னால் நாம் இட்ட குறிப்புப் பெயரும் மட்டுமே இருக்கும். அந்தக் குறிப்பில் ஆளின் பெயரைத் தவறாமல் எழுதி வைப்பது நல்லது.

நான் செய்த பெரிய தவறு விடிஒய் வரிகளில், அதாவது தொலைவிலிருந்து நுழைபவர்களுக்காகச் சுவிட்சில் உள்ள 0 முதல் 15 வரையான நுழைவு வழிகளில், நேர்ந்தது. 0 முதல் 4 வரை எஸ்எஸ்எச் மட்டும் என்று பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். சில மாதங்கள் கழித்துச் சோதனைக்காக டெல்நெட்டில் தட்டிப் பார்த்தபோது, பழைய கடவுச்சொல்லைக் கேட்டபடி சுவிட்ச் கதவைத் திறந்தது. 5 முதல் 15 வரையுள்ள வரிகளை நான் தொடவே இல்லை.

என் மடிக்கணினியில் உள்ள எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 2021இல் வந்த 8.8 பதிப்பு, எஸ்எச்ஏ-1 என்ற பழைய, பலவீனமான ஹேஷ் முறை சார்ந்த ஆர்எஸ்ஏ கையொப்பங்களை இயல்பிருப்பாக நிறுத்தியது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் மடிக்கணினியைப் புதுப்பித்த மறுநாள் அந்தப் பழைய கையொப்பத்தையே நம்பியிருந்த எங்கள் சுவிட்சுகள் எதிலும் நுழைய முடியவில்லை. பழைய கையொப்பத்தை ஏற்கும் விதிவிலக்கை எல்லா இணைப்புகளுக்கும் திறந்துவிடாமல், அந்தப் பதினான்கு முகவரிகளுக்கு மட்டும் மடிக்கணினியின் எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பில் எழுதினேன்.

இப்போது எந்த மாற்றத்துக்கு முன்பும் 'ரீலோட் இன் 10' கட்டளையை (பத்து நிமிடத்தில் சுவிட்ச் மறுதொடங்கி, சேமிக்காத மாற்றங்களை விட்டுவிடும்) இட்டு, பழைய இணைப்பை மூடாமல், வேறொரு சாளரத்தில் சாவியால் நுழைந்து பார்க்கிறேன். நுழைந்த பின்னரே மறுதொடக்கத்தை ரத்து செய்து சேமிக்கிறேன். சென்ற ஆண்டு உடன் பணியாற்றியவர் விலகியபோது, குறிப்புப் பெயரை வைத்து அவருடைய சாவியைப் பதினான்கு சுவிட்சுகளிலும் அன்று மாலைக்குள் நீக்கிவிட்டேன். மற்றவர்கள் யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.