தாமதக் கட்டணம் என்று சொல்லி 18,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்: பிஎஃப் பென்ஷன் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

இன்று மதியம்தான் ராயப்பேட்டை பிஎஃப் ஆபீஸிலிருந்து திரும்பினேன். கோபம் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மணலியில் ஒரு கம்பெனியில் 24 வருஷம் வேலை பார்த்தேன். 2023-ல் 58 வயது முடிந்தது. பென்ஷனை அப்போதே வாங்கியிருக்கலாம். ஆனால் குடோன் ஒன்றில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடுதலாக வரும் என்று பழைய யூனியன்காரர் ஒருவர் சொன்னதால் தள்ளிப்போட்டேன். (எனக்கு வருவது மாதம் 3,700 சொச்சம். தள்ளிப்போட்டதில் சுமார் 300 ஏறும். விட்ட இரண்டு வருஷப் பணத்தை அந்த 300-ல் எடுக்க 24 வருஷம் ஆகும் என்று மகன் இப்போது கணக்குப் போட்டுக் காட்டுகிறான். சரி, அது என் முட்டாள்தனம். அது வேறு கதை.)

60 முடிந்ததும் திருவொற்றியூர் ஹைரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ‘பிஎஃப், பென்ஷன், பான், ஆதார்’ என்று போர்டு. உள்ளே இருந்த பையன் "உக்காருங்கப்பா" என்று ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான். பாஸ்புக்கைத் திறந்து, ஸ்கிரீனை என் பக்கம் காட்டி, ஒவ்வொரு வருஷமாக வாசித்தான். ஆதாரில் என் இனிஷியல் ஒரு மாதிரியும் பிஎஃப்பில் வேறு மாதிரியும் இருப்பதைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். அது நிஜமாகவே தப்பாகத்தான் இருந்தது. அங்கேதான் விழுந்தேன். உண்மையான ஒரு தப்பைக் காட்டியவன் அடுத்துச் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

முதலில் 500. பிறகு பெயர் திருத்த 3,000. அப்புறம்தான் பெரிய அடி: "58-லயே அப்ளை பண்ணியிருக்கணும்பா. ரெண்டு வருஷம் லேட். ஃபைன் கட்டலைன்னா ஃபைல் க்ளோஸ் ஆயிடும்." 15,000. மொத்தம் 18,500. எல்லாம் ஜிபேயில்தான். அனுப்பும்போது ஏதோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "மேடம் அக்கவுன்ட்" என்றான். வீட்டுக்காரி அன்றைக்கே கேட்டாள், "கவர்மென்ட்டுக்குக் கட்டுற காசுக்கு ரசீது குடுக்க மாட்டாங்களா?" என்று. நான்தான் அவளை அதட்டினேன்.

அதற்கப்புறம் மூன்று மாசம் நடை. சர்வர் டவுன். ஆபீசர் லீவு. ஃபைல் டெல்லிக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் "உங்க கைரேகை தேஞ்சு போச்சுப்பா, அதான் லேட்டு" என்றான். இத்தனை வருஷம் இரும்பு தூக்கிய கை, தேய்ந்துதான் இருக்கும் என்று அதையும் நம்பினேன். போன வாரம் கொஞ்சம் சத்தம் போட்டதும் "எந்த 18,500? நான் வாங்கினது 500 சர்வீஸ் சார்ஜ்" என்றான். ‘அப்பா’ போய் ‘யோவ்’ ஆகிவிட்டது.

இன்று ராயப்பேட்டையில் என் பிஎஃப் நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். என் பெயரில் விண்ணப்பமே இல்லை! பெயர் திருத்தமும் போடவில்லை. தாமதக் கட்டணம் என்று கேட்டதும் கவுன்டரில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லேட்டா வாங்கினா கூடுதலாத்தான் தருவோம், ஃபைன் எதுக்கு?" கூட வரவேண்டிய பணத்துக்கு நான் அபராதம் கட்டியிருக்கிறேன். 18,500 என்பது என்னுடைய ஐந்து மாசப் பென்ஷன்.

திரும்பி வரும் வழியில் அந்தக் கடையை எட்டிப் பார்த்தேன். நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் மஞ்சப்பையோடு ஒரு பெரியவர். ஃபேன் அவர் பக்கம் திரும்பியிருந்தது. வாசலில் நின்று கத்தினேன். பையன் எழுந்து வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: பென்ஷனுக்கு 10டி படிவம், அதற்குக் கட்டணம் கிடையாது. 58-க்கு அப்புறம் போனால் அபராதம் கிடையாது. ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்தால் உடனே சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள், என்னைப் போல மூன்று மாசம் காத்திருக்காதீர்கள்.

10டிக்கு வீட்டுக்காரியோடு எடுத்த ஜாயின்ட் போட்டோ வேண்டும். எடுத்து வைத்திருந்த மூன்று காப்பியும் அவனிடம் இருக்கிறது. நாளைக்கு மறுபடி ஸ்டுடியோ.